சிறிய விமானத்தில் கேமரா வைத்துப் பறக்கலாமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வணக்கம். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மலேசியாவின் சுபாங்கில் தனியார் விமானி உரிமம் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. வருடம் தவறாமல் பத்துமலையின் 272 படிகளையும் ஏறும் அப்பாவுக்கு, அதே மலையை மேலேயிருந்து காட்ட வேண்டும் என்று ஆசை. பறக்கும் கிளப்பின் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் அவரை ஏற்றிப் போகிறீர்கள். ஒரு கோப்ரோவை (உள்ளங்கைக்குள் அடங்கும் கேமரா) இறக்கையைத் தாங்கும் முட்டுக்கம்பியில் சக்‌ஷன் கப் (உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம்) வைத்து ஒட்டுவது, இன்னொன்றை முன்கண்ணாடியில் வைப்பது, மலைக்கு மேலே போனதும் கைத்தொலைபேசியில் நீங்களே கொஞ்சம் எடுப்பது, இதுதான் திட்டம். பயிற்சியாளர் ஒரே வார்த்தையில் ‘வேண்டாம்’ என்றுவிட்டார். யூடியூப்பில் உலகமே செய்கிறதே, இவர் மட்டும் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியே ஒட்டலாமா, உள்ளே வைக்கலாமா, ஓட்டிக்கொண்டே எடுக்கலாமா? வெளியே கூடாது. உள்ளே தாராளமாக வைக்கலாம். ஓட்டுகிற கையால் எடுக்கவே கூடாது. உங்கள் பயிற்சியாளர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘வேண்டாம்’ என்று வைத்துவிட்டார், உங்களுக்கும் கோபம் வந்துவிட்டது.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர். இருபத்தாறு வருடம் சிறிய விமானங்களின் வயிற்றுக்குள் தலையை விட்டே கழிந்தது. நடுவில் நானும் உரிமம் எடுத்து வார இறுதிகளில் பறந்தேன். சட்டம் படித்தவன் இல்லை. ஆகவே பொருள், பொருத்துவது, பறப்பது ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டப் பக்கம் வரும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் காட்டுவேன்.

முதலில் வெளியே. 172-இன் முட்டுக்கம்பியைப் பார்த்தால் கேமரா மாட்டுவதற்கென்றே செய்து வைத்தது போலத்தான் இருக்கும். ஆனால் இடது கம்பியின் மேல்முனைக்குப் பின்னால், இறக்கையின் அடியில், ஒரு சிறு குழாய் வளைந்து நிற்கும். புறப்படும் முன் சுற்றிப் பார்க்கும்போது அதில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்திருப்பீர்கள். எரிபொருள் தொட்டிக்குக் காற்று போகிற வழி அது. கம்பியின் மறைவில் அது நிற்பது தற்செயல் கிடையாது, கணக்குப் பார்த்து வைத்த இடம். கம்பிமேல் ஒரு டப்பாவை ஒட்டிக் காற்றைக் கலைத்துவிட்டால் அந்தக் குழாய் வாயில் அழுத்தம் என்ன ஆகும் என்று உங்களுக்காக யாரும் அளந்து வைக்கவில்லை. வேகமானிக்குக் காற்று பிடிக்கும் பிட்டோ குழாயும் அதே இடது இறக்கையின் அடியில்தான் இருக்கிறது. ஸ்டால் (இறக்கை திடீரென்று தூக்கும் பலத்தை இழப்பது) எச்சரிக்கைக்கான துளையும் அதே இறக்கையின் முன்விளிம்பில் இருக்கிறது. செஸ்னாவின் இடப்பக்கம் கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள், தொடாமல் இருப்பது நல்லது.

‘சரி, வலது பக்கம் ஒட்டினால்?’ என்பீர்கள். 120 நாட் வேகம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 62 மீட்டர். சீட்டுக்கட்டில் பாதியளவு முகப்புள்ள ஒரு கேமராவை அந்தக் காற்று முக்கால் கிலோ எடையைத் தொங்கவிட்டது போல இழுக்கும். கேமராவின் சொந்த எடையோ 150 கிராம்தான். அந்த இழுப்பும் ஒரே சீராக இருக்காது, விசிறிக் காற்றில் நடுங்கிக்கொண்டே இருக்கும். சக்‌ஷன் கப் பிடித்து நிற்பது தன் சொந்த பலத்தால் இல்லை, வெளிக்காற்று அதை அழுத்துவதால்தான். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். 10,000 அடியில் தரையில் இருந்ததில் 70 விழுக்காடுதான் மிச்சம். நீங்கள் அவ்வளவு உயரம் போகப் போவதில்லை, உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயில் ஒன்று போதும்.

ஒருமுறை நண்பர் ஒருவர் காலை பத்து மணிக்கு ஹேங்கருக்கு வெளியே நின்ற விமானத்தின் பக்கக் கண்ணாடியில் இப்படி ஒன்றை ஒட்டினார். ‘அசைத்துப் பார், மலை மாதிரி நிற்கிறது’ என்றார். நானும் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. பேசிக்கொண்டே தே தாரிக் குடித்துவிட்டுப் பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தோம். ரப்பர் சூட்டில் குழைந்து, ஓரம் சுருண்டு, கேமரா தன் பாதுகாப்புக் கயிற்றில் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. விமானம் தரையைவிட்டு ஓர் அங்குலம் கூட எழவில்லை. பறக்கும்போது இப்படி நடந்தால் கயிறு இருந்தாலும் தொல்லை, இல்லாவிட்டாலும் தொல்லை. கயிறு இருந்தால் விமானத்தின் தோலை அடித்துக்கொண்டே வரும். இல்லாவிட்டால் பின்னால் இருப்பது வால் இறக்கை, அதற்கும் கீழே இருப்பது கோம்பாக்கில் யாரோ ஒருவர் வீட்டுக் கூரை.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். 9எம் என்று தொடங்கும் பதிவெண் உள்ள விமானம் அங்கீகரிக்கப்பட்ட வடிவத்தில் இருக்கும்வரைதான் பறக்கத் தகுதி உடையது. வெளியே ஒன்றைப் பொருத்துவது அந்த வடிவத்தை மாற்றுவது. அதற்கு மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையம் ஏற்கும் அங்கீகாரத் தாள் வேண்டும்; தாள் இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன், எனக்குத் தெரிந்த எந்தப் பொறியாளரும் போட மாட்டார். ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கப்போவதும் அந்தத் தாளைத்தான். விமானம் கிளப்புடையது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

யூடியூப்பில் பார்க்கிறோமே என்றால், அவர்களில் சிலரிடம் முறையான அங்கீகாரம் இருக்கும். சிலர் ஓட்டுவது சொந்தமாகக் கட்டிய விமானம், அமெரிக்காவில் அதற்கு விதிகள் வேறு. மீதிப் பேர் விதியை மீறுகிறார்கள். படத்தைப் பார்த்து எவர் எந்த ரகம் என்று சொல்ல முடியாது. போகிற போக்கில் ஒன்று: 2021 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு யூடியூபர் தன் பழைய விமானத்தில் சுற்றிலும் கேமராக்களை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எஞ்சின் நின்றுவிட்டது என்று சொல்லிப் பாராசூட்டில் குதித்து, விமானம் மலையில் விழுவதைப் படமாக்கி வெளியிட்டார். பார்வைகள் குவிந்தன. அடுத்த ஆண்டு உரிமம் பறிபோனது. விழுந்த விமானத்தின் மிச்சத்தை எடுத்து அழித்து விசாரணையைத் தடுத்ததற்காக, 2023 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள்.

இனி உள்ளே. இங்கே நான் உங்கள் கட்சி. காக்பிட்டுக்குள் ஒழுங்காக நிற்கும் ஒரு சிறு கேமரா நல்ல ஆசிரியர். தரையிறங்கும்போது மூக்கை எப்போது தூக்கினேன், கண் எங்கே போனது, ரேடியோவில் உளறினேனா, எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகக் காட்டிவிடும். என் தரையிறக்கங்கள் எல்லாம் நடுக்கோட்டில்தான் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாமே கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி.

வைக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் எல்லாம். முன்கண்ணாடியின் நடுவில் வைத்தால் படம் அழகாக வரும். ஆனால் எதிரே வரும் விமானம் ஒன்று கண்ணாடியில் ஒரு புள்ளியாக அசையாமல் நின்று, கடைசிச் சில வினாடிகளில்தான் பெரிதாகும். இரண்டு பேரும் 90 நாட்டில் நேருக்கு நேர் வந்தால் பத்து வினாடியில் 900 மீட்டருக்கு மேல் கரைந்துவிடும். அந்தப் புள்ளி உங்கள் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால்? அதனால் முன்கண்ணாடி வேண்டாம். பின்பக்கக் கண்ணாடியின் மேல் மூலை நல்ல இடம். அங்கிருந்து உங்கள் தோள், கருவிப்பலகை, முன்னால் அடிவானம் எல்லாம் ஒரே சட்டத்தில் வரும். பொருத்திய பிறகு இருக்கையை நீங்கள் பறக்கும் நிலைக்கு நகர்த்தி உட்காருங்கள். யோக்கை (கையால் பிடித்து ஓட்டும் விமானத்தின் ஸ்டீயரிங்) முழுக்க இழுத்து, முழுக்கத் தள்ளி, இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பெடல்களைக் கடைசிவரை மிதியுங்கள். தரையில் இருக்கும் எரிபொருள் திருப்பிக்கும், மூக்கின் சமநிலையைச் சரிசெய்யும் ட்ரிம் சக்கரத்துக்கும் கை போகிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்து இரண்டு பேரும் இறங்கிப் பாருங்கள். அவசரத்தில் வெளியேறும்போது ஒரு கம்பியோ கயிறோ தோளில் மாட்டக்கூடாது.

பலர் கவனிக்காத விஷயம் காந்தத் திசைகாட்டி. 172-இல் அது முன்கண்ணாடிக்கு நடுவே தொங்குகிறது, கேமரா ஒட்ட ஆசைப்படும் அதே இடம். ஒருமுறை ‘திசைகாட்டி தப்பாகக் காட்டுகிறது’ என்று புகார் எழுதி ஒரு விமானத்தை என்னிடம் விட்டார்கள். திரவம் சரி, விளக்கு சரி, ஒட்டியிருந்த திருத்த அட்டையும் சரி. அரை நாள் தலையைச் சொறிந்த பிறகு, கருவிப்பலகையின் மேல்தட்டில் தடவிப் பார்த்தபோது விரலில் தட்டுப்பட்டது, இருபது காசு அகலத்துக்கு ஒரு காந்த வட்டு. யாரோ கைத்தொலைபேசியைப் பிடித்து வைக்க ஒட்டிவிட்டு எடுக்க மறந்தது. எடுத்ததும் திசைகாட்டியின் எண், சிவப்பு விளக்கில் நின்ற கார் பச்சை விழுந்ததும் கிளம்புவது மாதிரி நகர்ந்து தன் இடத்துக்குப் போனது. உங்கள் கேமராவிலும் ஒலிபெருக்கிக்குள் காந்தம் உண்டு. சோதனை எளிது: தரையில் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே கேமராவை வைக்க நினைத்த இடத்துக்குக் கொண்டு போங்கள். எண் அசைந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கண்ணாடி என்று நாம் சொல்வது அக்ரிலிக் பிளாஸ்டிக். சக்‌ஷன் கப்பின் அச்சைத் துடைக்க வீட்டுக் கண்ணாடிக்குத் தெளிக்கும் திரவத்தையோ ஆல்கஹாலையோ எடுத்துவிடாதீர்கள். செஸ்னாவின் கையேடே இரண்டையும் கூடாது என்கிறது. உடனே ஒன்றும் தெரியாது; பிறகு மெல்லிய வெடிப்புகள் சிலந்தி வலை மாதிரி கிளம்பும். வெயிலுக்கு எதிரே பறக்கும்போது அந்த வலைதான் தெரியும், ஓடுபாதை தெரியாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்து கிடக்கின்றன. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவான சார்ஜர்கள் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும் என்பது உறுதி. நாம் பேசும் அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ். அந்தச் சார்ஜருக்குள் இருக்கும் மின்சுற்று சிந்தும் குப்பையில் ஒரு பகுதி அங்கேதான் விழுகிறது. கோபுரம் உங்களைக் கூப்பிடுவது இரைச்சலுக்குள் மூழ்கிப் போகும். கேமராவே ஜிபிஎஸ்ஸைக் கெடுக்குமா என்றால், பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு கேமரா அருகில் வந்ததும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாக இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே வகையைச் சேர்ந்த இன்னொன்று ஒன்றுமே செய்யவில்லை. ஆகவே தரையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கேமராவை ஓடவிட்டு, ரேடியோவையும் ஜிபிஎஸ்ஸையும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். கேமராவின் வைஃபையை அணைத்துவிடுங்கள். சார்ஜர் வேண்டாம், அதன் சொந்த பேட்டரியே போதும். வினாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் 64 ஜிபி அட்டையில் இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும். பேட்டரி அதற்கு முன்பே தீர்ந்துவிடும். தீரட்டும், அவ்வளவுதான். மேலே போய் பேட்டரி மாற்றும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்டரியைப் பற்றி இன்னொன்று. கோப்ரோவின் பேட்டரி ஏறக்குறைய ஏழு வாட் மணி. ஆனால் அப்பா பையில் வைத்திருக்கும் 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் 74 வாட் மணி. பெரிய விமானங்களில் அனுமதி கேட்காமல் கையில் கொண்டு போகும் அளவு 100 வரைதான். உப்பியது, நசுங்கியது, கீழே விழுந்தது எதையும் ஏற்றாதீர்கள். உதிரி பேட்டரி சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் கிடக்கக்கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பான் சுவாலையை அடக்கும், உள்ளே இருக்கும் சூட்டை அடக்காது. திரும்பத் திரும்பப் பற்றும், தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால்தான் ஓயும். காக்பிட்டில் ஒரு தண்ணீர் போத்தல் இருப்பது தாகத்துக்கு மட்டும் இல்லை.

வெயிலில் நின்ற விமானத்துக்குள் வைத்த கேமரா சூடேறித் தானே அணைந்துவிடும். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும். கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து, நிழலில் வையுங்கள். பீப் ஒலியையும் சிவப்பு விளக்கையும் திரையையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அணைந்துவிட்டதா, ஓடுகிறதா என்று அரைக் கண் அதன்மீதே இருக்கும்.

அந்த அரைக் கண்தான் மூன்றாவது கேள்வி. ஒட்டிய கேமராவைவிடக் கையில் இருக்கும் கேமராவுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். என் கதையையே சொல்கிறேன். உரிமம் எடுத்த இரண்டாம் வருடம், மச்சானைக் கூட்டிக்கொண்டு பினாங்கு போய்விட்டுத் திரும்புகிறோம். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஓடுபாதை 04-இல் ஏறியதும் முன்னால் நீரிணையும் பாலமும் வந்தன. அப்போது சின்ன டிஜிட்டல் கேமராக்களின் காலம். மச்சான் எடுத்த எடுப்பில் அது கை நழுவி அவர் காலடியில் விழுந்தது. விமானம் மூக்கைத் தூக்கி ஏறிக்கொண்டிருக்கிறது, பொருள் எங்கே உருளும் என்று சொல்ல முடியாது. ஏறும்போது வலது பெடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா. அழுத்துகிறேன், முதலில் பஞ்சு மூட்டையை மிதித்தது போல, அப்புறம் கல்லை மிதித்தது போல. அவர் பக்கத்துப் பெடலுக்குப் பின்னால் கேமரா சிக்கிக்கொண்டுவிட்டது. இரண்டு பக்கப் பெடல்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. ‘இரு, நான் எடுக்கிறேன்’ என்று மச்சான் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். குனிந்த தோள் அவர் பக்கத்து யோக்கை முன்னால் தள்ளியது. 800 அடியில் மூக்கு கீழே போனது. நான் ஒரு கையால் யோக்கை இழுத்து, இன்னொரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினேன். 2,000 அடிக்குப் போய், சமமாகப் பறந்து, அவர் இருக்கையைப் பின்னால் தள்ளிக் காலாலேயே அதைத் தட்டி வெளியே எடுத்தார். கேமராவில் கடைசியாகப் பதிவாகியிருந்தது அவர் செருப்பின் படம்.

சிரிப்பாக முடிந்ததால் சிரிக்கிறேன். 2014 பிப்ரவரி 9-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் ஒரு ஏர்பஸ், 198 பேரோடு கருங்கடல் மீது போய்க்கொண்டிருந்தது. கேப்டன் வைத்திருந்த கேமரா, அவர் இருக்கையின் கைதாங்கிக்கும் பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுக் குச்சிக்கும் நடுவே இருந்தது. இருக்கையை முன்னால் நகர்த்தியதும் கேமரா குச்சியைத் தள்ளியது. 27 வினாடிகளில் 4,400 அடி கீழே போனார்கள். அவ்வளவு பெரிய விமானத்தில் ஒரு சாதாரண கேமரா செய்த வேலை இது. 2018 மார்ச் 11-இல் நியூயார்க்கில், கதவு திறந்த ஹெலிகாப்டரில் படம் எடுக்கப் போனவர்களில் ஒருவரைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு, தரையில் இருந்த, எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் மாட்டி எஞ்சினையே நிறுத்திவிட்டது. ஆற்றில் இறங்கினார்கள், கயிற்றிலிருந்து விடுபட முடியாமல் ஐந்து பயணிகளும் இறந்தார்கள், விமானி மட்டும் பிழைத்தார். கயிறு கட்டினால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எங்கே, எவ்வளவு நீளம், எதில் மாட்டும் என்று பார்த்துக் கட்ட வேண்டும்.

கைத்தொலைபேசி விஷயத்தில் ஒரு விசாரணை அறிக்கை எப்போதும் என் நினைவுக்கு வரும். 2014 மே 31 நள்ளிரவுக்குப் பிறகு, அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் வாட்கின்ஸ் அருகே ஒரு செஸ்னா 150 விழுந்து இருவரும் இறந்தார்கள். இருட்டு, தாழ்ந்த மேகம். உள்ளே பொருத்தியிருந்த கோப்ரோ கிடைத்தது. விழுந்த பயணம் அதில் இல்லை, அதற்கு முந்தைய பயணங்கள் இருந்தன. ஓடுபாதையில் ஓடும்போதும் ஏறும்போதும் விமானியும் உடன் வந்தவர்களும் கைத்தொலைபேசியில் செல்ஃபி எடுக்கிறார்கள், இரவில் ஃபிளாஷ் போட்டு. அதே பழக்கம் கடைசிப் பயணத்திலும் கவனத்தைச் சிதறடித்து, திசை உணர்வு தப்பக் காரணமாகியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விசாரணையாளர்கள் முடிவு செய்தார்கள். ‘வாய்ப்பு அதிகம்’ என்றுதான் சொன்னார்கள், நானும் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பொருத்தி வைத்த கேமரா யாரையும் தொந்தரவு செய்யவில்லை, கையில் இருந்ததுதான் செய்தது.

இப்போது பத்துமலைக்கு வருகிறேன். உங்கள் கோப்ரோவின் லென்ஸ் அகன்ற கோணம். மேலேயிருந்து எடுத்தால் 140 அடி முருகன் கடுகளவுதான் வருவார். படத்தைப் பார்த்துவிட்டு ‘இன்னும் கொஞ்சம் இறங்கினால், இன்னும் கொஞ்சம் நெருங்கினால்’ என்று கை துறுதுறுக்கும். நகர்ப்பகுதிக்கு மேலே, விமானத்திலிருந்து 600 மீட்டர் தூரத்துக்குள் உள்ள மிக உயரமான தடைக்கும் 1,000 அடி மேலே இருக்க வேண்டும் என்பது உலகப் பொது விதி. அங்கே மலையே தடை. அது போக, கட்டுப்பாட்டு வான்வெளி; எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் என்பதைக் கட்டுப்பாட்டாளர்தான் சொல்வார்.

நெருங்க முடியாதபோது அடுத்த ஆசை, இறுக்கி வட்டம் போடுவது. படம் எடுக்கப் போய் உயிரை விட்டவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்பது என் கருத்து. கண் கீழே, சிலைமீது. கை தன்னையறியாமல் சாய்வைக் கூட்டும், உயரம் இறங்காமலிருக்க யோக்கை இழுக்கும். நேராகப் பறக்கும்போது 48 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்தால் 57-இலும், 60 பாகை சாய்ந்தால் 68-இலும் ஸ்டால் ஆகும். வேகமானியை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மேல்புற இறக்கை உள்ள விமானம் என்பதால், திரும்பும் பக்கத்து இறக்கை கீழே இறங்கி, எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்தையே மறைத்துவிடும். ஆகவே வட்டமே வேண்டாம். மலை வலது ஜன்னலில் வரும்படி நேர்கோட்டில் ஒருமுறை கடந்து போங்கள். வேண்டுமானால் தள்ளிப் போய், 20 பாகைக்கு மிகாமல் திரும்பி, மறுபடி ஒரு நேர்கோடு.

அப்பா எடுக்கட்டும். எடையும் சமநிலையும் கணக்கில் சரியாக வந்தால் அவரைப் பின் இருக்கையில் உட்கார வையுங்கள். அங்கே யோக்கும் இல்லை, பெடலும் இல்லை, கைத்தொலைபேசி விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும். ‘அப்பா என்னோடு முன்னால்தான் உட்காருவார்’ என்றால் கைத்தொலைபேசிக்கு மணிக்கட்டுக் கயிறு, குட்டையாக. கழுத்தில் நீளமாகத் தொங்கும் பட்டை வேண்டாம், குனிந்தால் யோக்கில் மாட்டும். செல்ஃபிக் கம்பு வீட்டிலேயே இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து கையை நீட்டுவதும் கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் கைத்தொலைபேசி பையில். தரையிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள்: ‘அப்பா, நான் கையைத் தூக்கினா பேச்சை நிறுத்திடணும். கீழே என்ன விழுந்தாலும் குனியக்கூடாது, என்கிட்ட சொன்னா போதும்.’ இதை ஒருமுறை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். அப்பாக்கள் தலையாட்டிவிட்டுத் தாங்கள் நினைத்ததைச் செய்வார்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. நம் நாட்டில் வான்வழிப் படப்பிடிப்புக்கு நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பேமிடம் அனுமதி வாங்கும் நடைமுறை உண்டு. தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்கென்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஜன்னல் வழியாகக் குடும்ப நினைவுக்கு எடுப்பதும் யூடியூப்பில் ஏற்றுவதற்கு எடுப்பதும் ஒன்றாகப் பார்க்கப்படுமா என்பதை நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜூப்பேமிடமும் ஆணையத்திடமும் எழுத்தில் கேளுங்கள். என்றாவது பினாங்கு போனால் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் பக்கம் கேமராவையே திருப்பாதீர்கள், அதற்கு மட்டும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

உங்கள் பயிற்சியாளரிடம் திரும்பப் போகும்போது ‘கேமரா வைக்கலாமா’ என்று கேட்காதீர்கள். ‘பின் ஜன்னலின் மேல் மூலையில் ஒன்று, திசைகாட்டியைச் சோதித்தாயிற்று, எஞ்சின் போடுவதற்கு முன் ஓடவிட்டு, எஞ்சின் நின்ற பிறகுதான் தொடுவேன், வெளியே ஒன்றும் இல்லை, என் கையில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லுங்கள். முதல் முறை அவரையே வலது இருக்கையில் உட்காரச் சொல்லி, அப்பா இல்லாமல், கேமராவோடு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் கிளம்பினால் காற்று அசையாமல் இருக்கும், படமும் ஆடாது. பிற்பகல் மேகம் கட்டத் தொடங்குவதற்குள் இறங்கிவிடலாம். வாங்கிய இரண்டாவது சக்‌ஷன் கப்பைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார், அதை உங்கள் மைவி காரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.